மூன்றாவது கேம் ஷாஃப்ட்

டமால்.

அடுத்த வீட்டு மேப்பிள் மரத்தில் இருந்த பறவைகள் மொத்தமும் ஊரைக் காலி செய்துகொண்டு கிளம்பின. கையில் கேக் பெட்டியோடு வந்துகொண்டிருந்த எலியட், நடைபாதையிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

தலையைத் தூக்கிப் பார்த்தான். கராஜுக்கும் தெருவுக்கும் நடுவே, மூக்கு தெருவைப் பார்த்தபடி ஒரு பச்சைக் கார் நின்றது. பானெட்டைக் கழற்றிப் புல்தரையில் போட்டிருந்தார்கள். கார்புரேட்டரின் வாயிலிருந்து ஒரு மூட்டைப் புகை கிளம்பி மேலே போய்க்கொண்டிருந்தது. அதன்மேல் குனிந்திருந்த பெரியவர் மெதுவாக நிமிர்ந்தார். சற்று முன்புவரை அவருக்கு இரண்டு புருவங்கள் இருந்தன.

"கஸ்," என்றார் நிதானமாக. "டிஸ்ட்ரிபியூட்டரை எந்தப் பக்கம் பாத்து மாட்டின?"

"நீ சொன்ன பக்கம்தான் மச்சான்," என்றது ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"நான் சொன்னதுக்கு நேர் எதிர்ப்பக்கம் மாட்டியிருக்க. வால்வு திறந்து கெடக்கற நேரத்துல பொறி வந்திருக்கு."

"ஏதோ கருகற வாசனை வருதே?"

"அது என் மூஞ்சி."

இந்தக் கருகிய முகத்துக்குச் சொந்தக்காரர் டெல்பர்ட் புரூயிட். கார் கம்பெனியின் பிரெஸ் ஷாப்பில் முப்பது வருஷம் தகடு அடித்துக் கதவாக்கி, ஓய்வு பெற்று, இப்போது மிச்சிகன் மாநிலத்து லிங்கன் பார்க்கில் தன் வீட்டு வாசலில் நிம்மதியாகத் தீப்பிடித்துக்கொண்டிருப்பவர். கஸ் அவருடைய மனைவியின் தம்பி. அவரும் அதே பிரெஸ் ஷாப்தான். எலியட் அங்கே வந்தது, டெல்பர்ட்டின் ஒரே பெண் ரோஸ்லினைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் கேட்க.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. எலியட் பஸ்களுக்குக் கால அட்டவணை போடுகிறவன். இங்கே அவன் போட்ட அட்டவணையை எந்த பஸ்ஸும் மதித்ததில்லை. போர்ட்லண்டில் பெரிய வேலை கிடைத்திருந்தது. நாட்டின் மேற்குக் கோடிக்குப் போக வேண்டும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ரோஸ்லினோ, "அப்பா வாயால 'போ'ன்னு வரணும். வராட்டி நான் வரலை. நீ வேணா போ," என்று முடித்துவிட்டாள். அன்று சனிக்கிழமை. அவளுக்கு ஆஸ்பத்திரி லேபில் டியூட்டி. தனியாகத்தான் வந்திருந்தான்.

அனுப்பும்போது எச்சரிக்கைகளை மட்டும் தாராளமாகக் கொடுத்தாள். மின்சாரக் காரை மூன்று வீடு தள்ளி நிறுத்து. பஸ் என்ற பேச்சையே எடுக்காதே. அப்பாவிடம் பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நேராகப் பார்த்துப் பேசு. கடைசியாகச் சொன்னதை எலியட் மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் என்று எடுத்துக்கொண்டான்.

"வாப்பா பஸ்ஸு," என்றார் டெல்பர்ட். "தரையில என்ன ஆராய்ச்சி?"

எலியட் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டான். "வணக்கம் சார். உங்களுக்கு அடி ஒண்ணும் படலையே?"

டெல்பர்ட் அவன் வாயையே உற்றுப் பார்த்தார். எப்போதும் இப்படித்தான். எலியட் பேசும்போதெல்லாம் அவர் பார்வை அவன் கண்ணுக்கு வராது, வாயிலேயே நிற்கும். பல்லில் ஏதோ ஒட்டியிருக்கிறது போலிருக்கிறது என்று எலியட் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டான். மூன்று மாதமாக இதே கதை. இந்த வீட்டுக்கு வருமுன் இப்போதெல்லாம் இரண்டு தடவை பல் தேய்க்கிறான்.

"புருவம்தானே, முளைக்கும்," என்றார் டெல்பர்ட். "கேம் ஷாஃப்ட் முளைக்குமா?"

அதுதான் அந்த வீட்டின் துக்கம். கேம் ஷாஃப்ட் என்பது எஞ்சினுக்கு நடுவே ஓடும் ஒரு தண்டு. உடம்பு முழுக்கப் புடைப்பு புடைப்பாக இருக்கும். தண்டு சுற்றும்போது ஒவ்வொரு புடைப்பும் ஒரு டேப்பட்டைத் தூக்கிவிட, வால்வு திறக்கும். அந்தப் பச்சைக் கார் 1969ஆம் வருஷத்து ஜி.டி.ஓ. அந்த ஆங்கில எழுத்துகளைக் கொஞ்சம் மாற்றிப் போட்டு, தெருவே அதை 'ஆடு' என்றுதான் கூப்பிடும். ஐம்பது வருஷத்துக்கு மேல் சுற்றியதில் ஆட்டின் புடைப்புகள் மழுங்கிவிட்டன. உறுமிக்கொண்டிருந்த வண்டி இருமத் தொடங்கியது. போன வருஷம் டெல்பர்ட் தண்டையும் பதினாறு டேப்பட்டையும் புதிதாக மாற்றினார். அது போயிற்று. மறுபடி மாற்றினார். அதுவும் போயிற்று. இது மூன்றாவது.

"எப்படி சார் போச்சு?" என்று எலியட் கேட்டான்.

கஸ் காரிலிருந்து இறங்கி வந்தார். காருக்குப் பொருத்தமான அகலம். "புதுத் தண்டும் புது டேப்பட்டும் புதுசா கல்யாணம் ஆன ஜோடி மாதிரி தம்பி. ஒண்ணோட ஒண்ணு உரசிப் பழகணும். ஸ்டார்ட் ஆன உடனே எஞ்சினை ரெண்டாயிரம் சுத்துக்குக் கொண்டு போயிடணும். இருபது நிமிஷம் அதுக்குக் கீழ விடவே கூடாது. அப்பதான் எண்ணெய் தெறிச்சுத் தண்டு மேல விழும். நடுவுல வேகத்தை விட்டா எண்ணெய் போகாது, இரும்பு இரும்பைத் தின்னுடும். முடிஞ்சுது ஜோலி."

"மொத தடவை விட்டது யாருன்னு சொல்லு," என்றார் டெல்பர்ட்.

"ஐஸ்கிரீம் வண்டி வந்துச்சு," என்றார் கஸ், தரையைப் பார்த்து.

"ரெண்டாவது?"

"அது கிரெய்க்."

எலியட்டுக்கு அந்தப் பெயர் தெரியும். அவனுக்கு முன்னால் ரோஸ்லினுக்கு நிச்சயமானவன்.

"வேகம் குறையாம லீவரைப் பிடிச்சுக்கடான்னு குடுத்தேன்," என்றார் டெல்பர்ட். "பாதியில அவன் போன் அடிச்சது. ஹலோன்னு சொல்லக் கையை எடுத்தான். இப்ப எங்க இருக்கானோ தெரியாது. தெரிஞ்சுக்கவும் விருப்பமில்லை."

எலியட் தன் போனை எடுத்து அணைத்து, கேக் பெட்டிக்குள் வைத்தான்.

டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கி அரை வட்டம் திருப்பி மாட்டினார்கள். அதற்குள் தெருவில் செய்தி பரவிவிட்டது. மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கிழவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஐந்து பேர், ஐந்து பீர் டின். ஐவரும் அதே பிரெஸ் ஷாப். காருக்கு வலப்பக்கம், புல்தரையில், சினிமா பார்க்க வந்தவர்கள் போல வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"புருவம் எங்க டெல்பர்ட்?"

"கழட்டி வச்சிருக்கேன். நீ மூடிக்கிட்டுக் குடி."

"இந்தத் தடவை யாரு கைல லீவர்? கஸ்ஸுன்னா நான் வீட்டுக்குப் போறேன்."

டெல்பர்ட் கண்ணைச் சுற்றிலும் ஓட்டினார். கஸ்ஸுக்குத் தடை. அவரே பிடித்தால் சூட்டு முள்ளையும் எண்ணெய் முள்ளையும் பார்க்க ஆளில்லை. நாற்காலிக்காரர்களின் கைகள் ஏற்கெனவே டின்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. கடைசியில் அவர் பார்வை எலியட்டின் சுத்தமான வெள்ளைச் சட்டையில் வந்து நின்றது.

"பஸ்ஸு, இந்தப் பக்கம் வா."

எலியட் இடது பக்க மட்கார்டின் மேல் சாய்ந்தான். கார்புரேட்டரின் ஓரத்தில் இருந்த சின்ன இரும்பு லீவரில் அவன் விரலை எடுத்து வைத்தார் டெல்பர்ட். "இது கீழ வரக் கூடாது. வானம் இடிஞ்சாலும் சரி."

"சைலன்சர் இல்லையே சார்?"

"போன வருஷமே கழட்டிட்டேன். எஞ்சின் என்ன சொல்லுதுன்னு கேக்க வேணாமா?"

"அப்புறம் நாம பேசிக்கறது எப்படி கேக்கும்?"

கஸ் சிரித்தார். "பிரெஸ் ஷாப்புல தகடு அடிக்கற சத்தத்துல முப்பது வருஷம் ஒரு பேச்சு எங்க காதுல விழுந்ததில்லை தம்பி. ஆனா நாங்க போடாத சண்டையா, பேசாத வம்பா..."

"கதை போதும், சாவியைத் திருப்பு," என்றார் டெல்பர்ட்.

ஆடு உறுமியது.

உறுமல் என்பது மரியாதைக்குச் சொல்வது. எலியட்டின் விலா எலும்புகள் தனித்தனியாக ஆடின. சமையலறை ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. தெருக்கோடியில் ஒரு நாய் குரைத்ததை வாய் திறந்து மூடியதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. டெல்பர்ட் எதிர்ப்பக்க மட்கார்டில் நின்றுகொண்டு கட்டை விரலை மேலே காட்டினார். இன்னும் கொஞ்சம். எலியட் லீவரைத் தள்ளினான். போதும் என்று உள்ளங்கையைக் காட்டினார். இருபது நிமிஷம் ஆரம்பித்தது.

பெரியவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது விஷயத்தைச் சொல்ல வேண்டும். இது முடிந்ததும் இருப்பார். அதற்குள் வசனத்தை ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம் என்று எலியட் வாயைத் திறந்தான்.

"மிஸ்டர் புரூயிட், நானும் ரோஸ்லினும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். உங்க சம்மதம் வேணும்."

அவன் சொன்னது அவன் காதிலேயே விழவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கச் சொன்னான். அப்போதும் விழவில்லை. அந்த நிமிஷத்தில் எலியட்டுக்குப் பெரிய விடுதலை கிடைத்தது. மூன்று மாதமாக இந்த மனிதர் முன்னால் வார்த்தைகளை எண்ணி எண்ணிப் பேசியவன். இப்போது என்ன வேண்டுமானாலும் பேசலாம். குளியலறையில் பாடுவது போல.

"உங்களைப் பாத்தா எனக்கு பயம் சார்," என்றான் எதிரே இருந்த முகத்தைப் பார்த்து. "இன்னிக்குத்தான் தைரியமா இருக்கு. ஏன்னா புருவம் இல்லாம நீங்க அவிச்ச முட்டை மாதிரி இருக்கீங்க."

புல்தரையில் ஐந்து டின்களும் பாதி வழியில் நின்றன. ஓரத்தில் இருந்தவருக்கு பீர் மூக்கு வழியாக வந்தது. புகை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று எலியட் நினைத்துக்கொண்டான். டெல்பர்ட் நெற்றியை ஒரு முறை தடவிவிட்டு முள்ளைப் பார்த்தார்.

எலியட் சூடு பிடித்துவிட்டான்.

"இந்த வண்டியும் எனக்குப் பிடிக்கலை. கப்பல் நீளம் இருக்கு, உள்ள நாலு பேர் உக்கார முடியலை. பெட்ரோலைக் குடிக்கலை, குளிக்குது. ஒரு தண்டு மழுங்கினதுக்கு ஒரு வருஷமா ஒரு தெருவே துக்கம் கொண்டாடறதை நான் இங்கதான் பாக்கறேன்."

நாற்காலிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவர் ஆமாம் என்பது போலத் தலையாட்டினார்கள். மூன்றாமவர் அந்த இருவரையும் முறைத்தார்.

சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு, தோளில் துண்டோடு, ரோஸ்லினின் அம்மா லோரெட்டா எட்டிப் பார்த்தாள். அவளும் அதே பிரெஸ் ஷாப்தான்; அங்கேதான் டெல்பர்ட்டைப் பிடித்தாள், அல்லது டெல்பர்ட் அவளைப் பிடித்தார். வீட்டுக்கு வீடு ஒரு கதை இருக்கிறதல்லவா. எலியட் அவளைப் பார்த்து இனிமையாகச் சிரித்தான்.

"வணக்கம் மேடம். நீங்க பீன்ஸைக் குழைய வேக வச்சுத் தர்ற கேசரோலை நல்லா இருக்குன்னு நாலு தடவை பொய் சொல்லியிருக்கேன். சுவத்துக்குப் பூசற கலவையை நான் அதுக்கு முன்னாடி சாப்பிட்டதில்லை."

லோரெட்டா இடுப்பில் கை வைத்தாள். வணக்கத்துக்குப் பதில் வணக்கம் என்று எலியட் எடுத்துக்கொண்டான். கஸ் காரின் பின்னால் போய்க் குனிந்துகொண்டார். அவர் முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ரேடியேட்டரின் மேல் குழாய் வாயைப் பிளந்தது. கிளிப் சரியாக இறுகவில்லை. கொதிக்கும் தண்ணீர் ஊசி போலப் பீய்ச்சி, நேராக எலியட்டின் மணிக்கட்டில் அடித்தது.

அடுத்த சில விநாடிகள் எலியட்டின் வாயிலிருந்து வந்ததை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. சர்ச்சின் ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தியவன் அவன். அந்த வார்த்தைகள் தனக்குத் தெரியும் என்பதே அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. நாற்காலி வரிசையில் வயதில் மூத்தவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

ஆனால் விரல் லீவரை விடவில்லை. மற்ற கையால் மணிக்கட்டின் மேல் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டான். டெல்பர்ட் ஸ்குரூ டிரைவரோடு பாய்ந்து வந்து குழாயின் கிளிப்பைத் திருகத் தொடங்கினார். இருவர் முகத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

"இப்ப கையை எடுத்தா உங்க தண்டு காலி," என்று எலியட் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "எடுக்கணும்னு ஆசையா இருக்கு. உங்களுக்கு நல்லா வேணும். உங்க பொண்ணு ராத்திரியெல்லாம் அழறா, தெரியுமா? போர்ட்லண்டுல எனக்கு வேலை கிடைச்சிருக்கு. அவளுக்கும் வரணும்னு ஆசை. ஆனா வர மாட்டேங்கறா. நாம போயிட்டா அப்பா இந்த கராஜுக்குள்ளயே எண்ணெய் டின்னோட டின்னா ஒரு நாள் கெடப்பாரு, யாரும் பாக்க மாட்டாங்கன்னு சொல்றா. நீங்க 'போ'ன்னு ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான். நீங்க சொல்ல மாட்டீங்க. உங்களுக்கு வண்டியோட மட்டும்தான் பேசத் தெரியும். இந்தத் தண்டு போனா நீங்க அழுவீங்க, நீங்க அழுதா அவ அழுவா. அதுக்காகத்தான் கையை எடுக்காம நிக்கறேன். உங்க ஆட்டுக்காக இல்லை."

டெல்பர்ட் கிளிப்பைத் திருகி முடித்தார். தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகும் அவர் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார். அந்தக் கிளிப்பில் அவ்வளவு பார்க்க என்ன இருக்கிறது என்று எலியட்டுக்குப் புரியவில்லை. நிமிர்ந்ததும் அவர் சமையலறைப் பக்கம் திரும்பி, மனைவியைப் பார்த்து உதட்டை அசைத்தார். லோரெட்டா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அங்கே வரைக்குமா புகை போகிறது? பிறகு அவள் சட்டென்று உள்ளே போனாள். பெரியவருக்கு பீர் வேண்டும் போல.

புல்தரை வரிசையில் இப்போது யாரும் குடிக்கவில்லை.

மிச்ச நேரம் எலியட் லீவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். பேச வேண்டியது எல்லாம் தீர்ந்துவிட்டிருந்தது. மனம் லேசாக இருந்தது. கை மட்டும் தகித்தது. கடைசியில் டெல்பர்ட் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளங்கையை மெல்லக் கீழே இறக்கிக் காட்டினார். எலியட் லீவரை விட்டான்.

ஆடு இருமவில்லை. திணறவில்லை. ஒரு பெரிய மிருகம் சாப்பிட்டு முடித்துப் படுத்துக்கொள்வது போல, கட கடவென்று ஒரே சீராக ஓடியது. டெல்பர்ட் ஒரு நீள ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதோரம் எலும்பில் வைத்துக் கண்ணை மூடி நின்றார். பிறகு கழுத்தை அறுப்பது போல விரலைக் காட்ட, கஸ் சாவியைத் திருப்பினார்.

உலகத்தில் சத்தம் என்று ஒன்றுமே பாக்கி இல்லாதது போல இருந்தது. மேப்பிள் மரத்துக்கு முதல் பறவை திரும்பி வந்தது.

நாற்காலிக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். எஞ்சினுக்கு என்றால் எஞ்சினைப் பார்த்துத் தட்டியிருக்க வேண்டும். அவர்கள் எலியட்டைப் பார்த்துத் தட்டினார்கள்.

லோரெட்டா தட்டுகளோடு வந்தாள். எல்லோருக்கும் ஹாட் டாக், பக்கத்தில் ஒரு குவியல் பீன்ஸ் கேசரோல். எலியட்டின் தட்டில் ஹாட் டாக் மட்டும் இருந்தது.

"எனக்கு கேசரோல் இல்லையா மேடம்?" என்றான் எலியட், பழக்கதோஷத்தில்.

"சொவத்துக்குப் பூச மிச்சம் வேணும்ல," என்றாள் லோரெட்டா. அவன் மணிக்கட்டில் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு உள்ளே போனாள்.

எலியட் ஒரு நிமிஷம் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். இந்த ஊரில் சுவருக்குப் பூசுவதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள் போலிருக்கிறது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. பெரியவர் மட்கார்டில் சாய்ந்து, கழுவாத கையால் ஹாட் டாக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். இதைவிட நல்ல மனநிலையில் அவரைப் பார்க்கக் கிடைக்காது. திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

எலியட் வாயைத் துடைத்துக்கொண்டான். பல்லை நாக்கால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துக்கொண்டான். அவர் முன்னால் போய், ரோஸ்லின் சொன்னபடி முகத்துக்கு நேராக நின்றான்.

"சார், நான் உங்ககிட்ட முக்கியமா ஒண்ணு கேக்கணும்."

டெல்பர்ட் அவன் உதட்டைப் பார்த்தபடியே நிதானமாக மென்று விழுங்கினார். அவருக்குப் பின்னால் ஐந்து டின்களும் மறுபடி பாதி வழியில் நின்றன.

"எத்தனை தடவைப்பா கேப்ப? பிரெஸ் ஷாப்புக்காரங்க நாங்க உதட்டைப் பாத்தே பேச்சைப் புரிஞ்சுக்கற ஆளுங்க. நீ கையை எடுக்காம நின்ன பாரு, அப்பவே லோரெட்டாவை விட்டு ரோஸ்லினுக்குப் போன் போட்டு, அப்பா 'போ'ன்னு சொன்னாருன்னு சொல்லியாச்சு. ஆனா அந்த அவிச்ச முட்டையைக் கல்யாணத்தன்னிக்குச் சொல்லித் தொலைச்சிடாத, அதுக்குள்ள புருவம் முளைக்காது."